கரண்ட் கம்பெனியை மாத்தலாமா? அதுக்கு முன்னாடி உங்க பில்லைப் படிங்க!

(நமது தகவல் தொழில்நுட்ப அணியின் இணையவழிப் பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பூத் குழுக்களில் பகிரவும்.)



பெரியவங்க, அக்கா, அண்ணன்மார், நம்ம அணித் தம்பி தங்கைகள் எல்லாரும் வந்திருக்கீங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல கூட்டத்துல உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு முதல்ல நன்றி.

இன்னைக்குப் பேசப் போறது கரண்ட் பில். "இதுல என்னப்பா அரசியல்?"னு கேட்காதீங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு வீட்டுக்கும் வர்ற அரசியல் இதுதான். ரேஷன் கார்டு இல்லாத வீடு இருக்கலாம், இபி கார்டு இல்லாத வீடு இல்லை.

இப்போ ஏன் இந்தப் பேச்சு? 2025 அக்டோபர்ல ஒன்றிய மின்துறை அமைச்சகம் மின்சாரச் சட்டத் திருத்த வரைவு ஒன்றை வெளியிட்டுச்சு. ஒரே ஊர்ல, ஏற்கெனவே இருக்கிற அதே கம்பி வழியா, ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் மின்சாரம் விற்கலாம்ங்கிறது அதுல ஒரு முக்கிய அம்சம். 2022 ஆகஸ்ட்ல மக்களவையில வச்சு, நிலைக்குழுவுக்குப் போன மசோதாவிலும் இதே யோசனைதான் இருந்துச்சு. உடனே ஒரு வசனம் கிளம்பிடுச்சு: "செல்போன் நம்பரை போர்ட் பண்ற மாதிரி கரண்டையும் போர்ட் பண்ணலாம், ரேட் குறையும், நல்லதுதானே?"

கேட்க நல்லாத்தான் இருக்கு. இதுக்குப் பதில் சொல்லணும்னா வெறும் கோஷம் போதாது. "தனியார்மயம் ஒழிக"ன்னு நீங்க கமெண்ட் போட்டா, எதிர்ல இருக்கிறவர் "உங்க இபிகாரன் மட்டும் ஒழுங்கா?"ன்னு ஒரே வரியில முடிச்சுடுவார். அதனால கணக்கோட பேசுவோம். முதல்ல நம்ம பில் எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். அப்புறம் கம்பெனி மாத்துறது நிஜமாவே நடக்கிற ஊர்கள்ல என்ன நடந்துச்சுன்னு பார்ப்போம்.

1. யூனிட்டும் ஸ்லாப்பும்

ஆயிரம் வாட் கருவி ஒண்ணு ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட். இது எல்லாருக்கும் தெரியும். ரேட்டுலதான் குழப்பம் ஆரம்பிக்குது. "நமக்கு யூனிட் என்ன ரேட்டு?"ன்னு கேட்டா, பாதிப் பேர் ஒரே ஒரு நம்பரைச் சொல்வாங்க. தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக்கு அப்படி ஒரே ரேட் கிடையாது. படிக்கட்டு மாதிரி ஏறும். 2024 ஜூலை 1-ல இருந்து நாம கட்டிட்டு வர்றது இதுதான். ரெண்டு மாசத்துக்கான கணக்கு.

மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள்ள இருந்தா:
▪ 1 – 100 : இலவசம்
▪ 101 – 200 : ரூ.2.35
▪ 201 – 400 : ரூ.4.70
▪ 401 – 500 : ரூ.6.30

மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிட்டா:
▪ 1 – 100 : இலவசம்
▪ 101 – 400 : ரூ.4.70
▪ 401 – 500 : ரூ.6.30
▪ 501 – 600 : ரூ.8.40
▪ 601 – 800 : ரூ.9.45
▪ 801 – 1000 : ரூ.10.50
▪ 1000-க்கு மேல் : ரூ.11.55

இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. 2025 ஜூலையில 3.16 சதவீத உயர்வு வந்தப்போ, வீட்டு இணைப்புகளுக்கான பாரத்தை அரசே ஏத்துக்கிச்சு. அதனால வீட்டு பில்லுல இந்த ரேட்தான் தொடருது. முன்னாடி வீட்டு இணைப்புக்கு நிலைக் கட்டணம்னு ஒரு தொகை இருந்துச்சு. 2022 செப்டம்பர் திருத்தத்தோட அதை எடுத்துட்டாங்க.

இப்போ ஒரு கணக்கு போடுவோம். 200 யூனிட் ஓடின வீடு: முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 235 ரூபாய். அவ்வளவுதான். 400 யூனிட் வீடு: 235 + 940 = 1,175 ரூபாய். 500 யூனிட் வீடு: இன்னொரு 630 சேர்த்து 1,805 ரூபாய்.

அந்த 200 யூனிட் வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 235 ரூபாய்ங்கிறதை மனசுல வச்சுக்கோங்க. இன்னைக்குப் பேச்சு முழுக்க அந்த வீட்டைப் பத்தித்தான்.

2. ஐந்நூறாவது யூனிட்

500 வரைக்கும் 1,805 ரூபாய்னு பார்த்தோம். 501 ஆனா?

101-ல இருந்து 400 வரைக்கும் 300 யூனிட், 4.70 வீதம் 1,410 ரூபாய். அடுத்த நூறுக்கு 630. கடைசி ஒரு யூனிட்டுக்கு 8.40. கூட்டினா 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் கூடிருச்சு!

ஏன்னா, 500-ஐத் தாண்டின உடனே 101-ல இருந்து 200 வரைக்குமான பாதி விலைச் சலுகை போயிடுது. 2.35-ன்னு இருந்தது 4.70 ஆயிடுது. அந்த 235 ரூபாயும், புது யூனிட்டோட 8.40-ம் சேர்ந்ததுதான் இந்த 243.

இந்த இடத்துல நம்ம ஆளுங்க கவனமா இருக்கணும். "500 தாண்டினா இலவச 100 யூனிட்டும் போயிடும்"னு வாட்ஸப்ல சுத்துது. அது தப்பு. 2016-ல வந்த அந்த 100 யூனிட் இலவசம் 500 தாண்டினாலும் இருக்கு. நமக்குச் சாதகமா இருக்குன்னு ஒரு தப்பான தகவலைப் பகிர்ந்தா, அடுத்த தடவை நாம சரியானதைச் சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான். அதைப் பகிராதீங்க.

சரி, இந்தக் கோட்டை வச்சு வீட்டுல என்ன பண்ணலாம்? மின்சாரத்துல முக்கியமான கேள்வி "என் கடைசி யூனிட் எந்த ஸ்லாப்ல விழுது?"ங்கிறதுதான். சிக்கனம் பண்ணும்போது மேல இருக்கிற விலை கூடின யூனிட்தான் முதல்ல குறையும்.

உதாரணம். சாதாரண சீலிங் ஃபேன் ஒண்ணு 75 வாட். நாளுக்கு 14 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 63 யூனிட். பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குப் பக்கம், அதே நேரம் ஓடினா 25 யூனிட். ரெண்டு ஃபேனை மாத்தினா சுமார் 75 யூனிட் மிச்சம். 540 யூனிட் ஓடுற வீடு 465-க்கு இறங்கும். பில் 2,376-ல இருந்து 1,584 ஆகும். ஒரு தடவைக்கே சுமார் 790 ரூபாய். அதே ரெண்டு ஃபேனை 200 யூனிட் வீட்டுல மாத்தினா மிச்சம் 176 ரூபாய்தான். ஃபேன் ஒண்ணுதான், ஸ்லாப் வேற. அதனால பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிட்டார்னு வாங்காதீங்க. உங்க பில்லைப் பார்த்துட்டு வாங்குங்க.

3. ரீடிங் தேதியும் மாதக் கணக்கீடும்

ரெண்டாவது விஷயம் ரீடிங் எடுக்கிற தேதி. நாளுக்கு 8 யூனிட் ஓடுற வீட்டுல 60-வது நாள் ரீடிங் எடுத்தா 480 யூனிட், 1,679 ரூபாய். ஐந்து நாள் தள்ளி வந்து எடுத்தா 520 யூனிட், 2,208 ரூபாய். கூடுதலா ஓடினது 40 யூனிட். கூடினது 529 ரூபாய். அடுத்த கணக்குல நாள் குறையும்தான். ஆனா 500-ஐத் தாண்டிப் போன சலுகை திரும்பி வராது.

அதனால ஒவ்வொரு தடவையும் ரீடிங் எடுத்த தேதியோட மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வைங்க. தாமதமா வந்து பில் எகிறினா, அந்தப் போட்டோவோட பிரிவு அலுவலகத்துல எழுத்துப்பூர்வமா மனு கொடுங்க. வாய்ல சொன்னா காத்துல போயிடும். மின்னகம் 94987 94987 எண்ணுல புகார் பதிவு பண்ணி, புகார் எண்ணை எழுதி வச்சுக்கோங்க. அங்கேயும் தீரலைன்னா மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதுக்கு மேல மின் குறைதீர்ப்பாளர். இந்தப் படிக்கட்டு நம்ம பூத் ஆளுங்களுக்கு மனப்பாடமா தெரியணும்.

"மாசா மாசம் கணக்கெடுத்தா பில் குறைஞ்சிடும்"னு எல்லாரும் பேசுறோம். குறையுமா? அது ஸ்லாப்பை எப்படிப் பிரிக்கிறாங்கங்கிறதைப் பொறுத்தது.

ஒரு வீட்டுல ஏப்ரல் மாசம் 150 யூனிட், மே மாசம் ஏசி போட்டு 350 யூனிட்னு வைங்க. இப்போ ரெண்டும் சேர்த்து 500, பில் 1,805. மாதக் கணக்கீடு வருது, ஸ்லாப் எல்லாத்தையும் சரிபாதி ஆக்கிடுறாங்க: 50 இலவசம், 250-ல சலுகைக் கோடு. அப்போ 150-க்கு 352 ரூபாய் 50 காசு. 350-க்கு 1,912 ரூபாய் 50 காசு. கூட்டினா 2,265! மாதக் கணக்கீடு வந்து 460 ரூபாய் கூடிப்போச்சு.

ரெண்டு மாசத்தைச் சேர்த்துப் பார்க்கும்போது வெயில் மாசத்து ஏசியை மத்த மாசம் சமன் பண்ணிக் கொடுக்குது. மாசம் மாசமாப் பிரிச்சா அந்தச் சமன் போயிடுது. அதுக்காக மாதக் கணக்கீடே வேண்டாம்னு நான் சொல்லலை. ரீடிங் தாமதம் குறையும், மாசச் சம்பளக்காரங்களுக்குக் கட்ட வசதி. ஆனா கோரிக்கை வைக்கும்போது முழுசா வைக்கணும். "மாதக் கணக்கீடு வேணும்"னு நிறுத்தினா பாதிக் கோரிக்கை. "மாதக் கணக்கீடு வேணும், ஸ்லாப்பைச் சரிபாதி ஆக்கி எங்க தலையில கட்டக் கூடாது"ங்கிறதுதான் முழுக் கோரிக்கை.

4. வாடகை வீடு

நம்ம அணியில பாதிப் பேர் சென்னை, கோவை, திருப்பூர், ஓசூர்னு வாடகை வீட்டுல இருக்கோம். "கரண்ட் யூனிட் 9 ரூபாய், தண்ணி தனி"ன்னு ஹவுஸ் ஓனர் சொல்றதை எத்தனை பேர் கேட்டிருக்கீங்க? சாட்ல போடுங்க.

200 யூனிட் ஓட்டுற வாடகைக் குடும்பம் 9 ரூபாய் வீதம் 1,800 கட்டுது. தனி இணைப்பு இருந்து நேரா வாரியத்துக்குக் கட்டினா 235. மிச்சம் 1,565 ரூபாய் எங்கே போகுது? இலவச 100 யூனிட்டும், பாதி விலைச் சலுகையும் யாருக்காக வந்துச்சோ அவங்க கைக்குப் போகவே இல்லை.

எல்லா வீட்டு ஓனரும் ஏமாத்துறாங்கன்னு அர்த்தம் இல்லை. ஒரே இணைப்புல சப் மீட்டர் வச்சு ரெண்டு மூணு போர்ஷன் ஓடும். ரெண்டு போர்ஷனும் ஆளுக்கு 300 யூனிட் ஓட்டினா மீட்டர்ல 600, பில் 2,880. தனித்தனி இணைப்பா இருந்தா ஆளுக்கு 705, மொத்தம் 1,410. ஒரே மீட்டர்ல சேர்ந்ததாலேயே 1,470 ரூபாய் வீணாப் போகுது. இதுல ஓனருக்கும் நஷ்டம்தான். அதனால சண்டை போடாம, இந்தக் கணக்கைக் காகிதத்துல போட்டுக் காட்டுங்க. தனி சமையலறை, தனி வயரிங்னு பிரிஞ்சிருக்கிற போர்ஷனுக்குத் தனி இணைப்பு கேட்டு விண்ணப்பிக்கலாம்.

இன்னொண்ணும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. வாடகைத் தகராறுன்னு சொல்லி கரண்டைப் பிடுங்க வீட்டு உரிமையாளருக்கு அதிகாரம் இல்லை. 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டம் அதைத் தடுக்குது. பிடுங்கினா வாடகை அதிகாரிகிட்ட மனு போடலாம்.

5. போர்ட் பண்ணினா என்ன மாறும்?

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். கம்பெனி மாத்தினா பில் குறையுமா?

செல்போனை போர்ட் பண்ணும்போது டவர், சிக்னல், நெட்வொர்க் எல்லாமே மாறுது. கரண்ட்ல அப்படி இல்லை. உங்க தெரு டிரான்ஸ்ஃபார்மர் அதேதான், கம்பம் அதேதான், கம்பி அதேதான். மழையில ஃபியூஸ் போனா வந்து ஏறுறவரும் அந்தக் கம்பிக்குச் சொந்தக்காரரோட ஆள்தான். மாறுறது ஒண்ணே ஒண்ணு: யார் மொத்தமா வாங்கி, யார் பேர்ல உங்களுக்கு பில் போடுறாங்கங்கிறது. அதனால "கம்பெனி மாறினா கரண்ட் கட் ஆகாது"ன்னு எவனாவது சொன்னா, "எந்தக் கம்பி வழியா வரும் அண்ணே?"ன்னு கேளுங்க.

இது இந்தியாவுலேயே ஒரு ஊர்ல நடந்திருக்கு: மும்பை. அங்கே புறநகர்ப் பகுதியில டாடா பவர் ஒரு பக்கம், ரிலையன்ஸ் இன்ஃப்ரா ஒரு பக்கம். 2018-ல இருந்து ரிலையன்ஸ் இடத்துல அதானி. 2008-ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துச்சு. 2009-ல மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம், ரிலையன்ஸ் கம்பி வழியாவே டாடா மின்சாரத்தை வாங்கிக்க வழி விட்டுச்சு. அப்போ டாடா ரேட் குறைவு. மக்கள் மாறினாங்க.

யார் முதல்ல மாறினாங்கங்கிறதுதான் விஷயம். அதிகமா மின்சாரம் ஓட்டி, மேல் ஸ்லாப்ல அதிக ரேட் கட்டிட்டு இருந்தவங்க. அவங்க கட்டின கூடுதல் பணத்துலதான் கீழ் ஸ்லாப்காரங்களுக்கு ரேட் குறைச்சு வச்சிருந்தாங்க. இதுக்குப் பேர் குறுக்கு மானியம். மேல இருக்கிறவங்க வெளியே போனா கீழ இருக்கிறவங்க பாரத்தை யார் சுமப்பா? கடைசியில ஆணையம் தலையிட்டு, மாறிப் போனவங்க மேலயும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் போட்டுச்சு. பழைய கம்பெனிக்கு வர வேண்டிய பாக்கிக்கும் ஒரு கூடுதல் கட்டணம். கம்பிக்கான வாடகை தனி. பில்லுல வரிசையா வரி ஏறிச்சு, வழக்கு வருஷக்கணக்கா ஓடுச்சு. மும்பைக்காரங்களுக்குத் தேர்வு இருக்கு, உண்மைதான். ஆனா "போட்டி வந்தா எல்லாருக்கும் மலிவு"ங்கிற கதை அங்கேயே அவ்வளவு நேரா நடக்கலை.

அடுத்து பிரிட்டன். லண்டன்ல இருந்து நம்ம ஆதரவாளர்கள் சிலர் இந்தக் கூட்டத்தைப் பார்க்கிறீங்க, உங்களுக்கு இது தினசரிப் பாடு. அங்கே 1999-ல இருந்து எல்லா வீடும் மின்சார கம்பெனியை மாத்திக்கலாம். இப்போ ஐந்து வேலை நாள்ல மாறிடலாம், வசதிதான். ஆனா போட்டி ஆணையம் விசாரிச்சு 2016-ல வெளியிட்ட அறிக்கை என்ன சொல்லுச்சு? ஆறு பெரிய கம்பெனிகளோட வீட்டு வாடிக்கையாளர்கள்ல சுமார் 70 சதவீதம் பேர், மாறாமலேயே, கம்பெனி தானா போட்டு வச்ச விலை கூடின திட்டத்துல இருந்தாங்க. இணையத்துல உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிஞ்சவங்களுக்கு மலிவு, தெரியாத வயசானவங்களுக்கு அதிக விலை. கடைசியில சந்தையை நம்பி விட்ட அரசே 2019 ஜனவரியில விலை உச்சவரம்பு கொண்டு வர வேண்டியதாச்சு.

2021-ல எரிவாயு விலை ஏறினப்போ, மலிவு விலை சொல்லி ஆள் பிடிச்ச சின்னக் கம்பெனிகள் கிட்டத்தட்ட முப்பது மூடிட்டுப் போயிடுச்சு. கரண்ட் நிக்கலை, வாடிக்கையாளர்களை வேற கம்பெனிக்கு மாத்திவிட்டாங்க. ஆனா அந்தச் செலவு யார் தலையில விழுந்துச்சு? எல்லாரோட பில்லுலயும். மின்சாரமே பயன்படுத்தலைன்னாலும் தினமும் கட்ட வேண்டிய நிலைக் கட்டணம் அதனாலயும் ஏறிச்சு. 2022 அக்டோபருக்கு ஒரு சராசரி வீட்டோட ஆண்டு மின்சாரம், எரிவாயு பில் வரம்பு 3,549 பவுண்டுன்னு அறிவிப்பு வந்துச்சு. அரசு பணம் போட்டு அதை 2,500 பவுண்டுக்கு இறக்கி நிறுத்துச்சு. லாபம் வரும்போது சந்தை, நஷ்டம் வரும்போது மக்கள் வரிப்பணம்.

லண்டன் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. விலை உச்சவரம்புங்கிறது உங்க மொத்த பில்லுக்கு வரம்பு இல்லை; யூனிட் விலைக்கும் தினசரி நிலைக் கட்டணத்துக்கும்தான் வரம்பு. அதிகம் ஓட்டினா அதிகம்தான் வரும். கம்பெனி மாத்தும்போது யூனிட் ரேட்டை மட்டும் பார்க்காதீங்க. குறைவா ஓட்டுற வீட்டுக்கு நிலைக் கட்டணம்தான் பெரிய செலவு. மாறுற அன்னைக்கு மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்துடுங்க, இல்லைன்னா ரெண்டு கம்பெனியும் ஒரே யூனிட்டுக்கு பில் போடுற தலைவலி வரும்.

6. அந்த 235 ரூபாய் வீட்டுக்கு என்ன ஆகும்?

இப்போ தமிழ்நாட்டுக்கு வாங்க. இங்கே தொழிற்சாலைகள் உயரழுத்த மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 7 ரூபாய்க்கு மேல கட்டுறாங்க, டிமாண்ட் சார்ஜ் தனி. வணிக இணைப்புக்கும் ரேட் அதிகம். அந்தப் பணமும் அரசு கொடுக்கிற மானியமும் சேர்ந்துதான் வீட்டுக்கு 100 யூனிட், விவசாய பம்ப்செட்டுக்கு இலவசம், விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 1,000 யூனிட், கைத்தறிக்கு 300 யூனிட் எல்லாம் ஓடுது.

புதுசா வர்ற கம்பெனி யாரைத் தேடிப் போகும்? உசிலம்பட்டியில 180 யூனிட் ஓட்டி 188 ரூபாய் கட்டுற அம்மாவையா, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையையா? பதில் உங்களுக்கே தெரியும். லாபம் வர்ற வாடிக்கையாளர் அங்கே போயிடுவார், மானியம் தேவைப்படுற வாடிக்கையாளர் இங்கே நிப்பார். 2025 வரைவுல உற்பத்தித் தொழில், ரயில்வே, மெட்ரோ கட்டுற குறுக்கு மானியத்தை ஐந்து வருஷத்துக்குள்ள ஒழிக்கணும்னும், கட்டணம் உண்மையான செலவைப் பிரதிபலிக்கணும்னும் இருக்கு. அப்போ அந்தப் பாரம் முழுசும் மாநில அரசு பட்ஜெட் மேல விழும். இல்லைன்னா அந்த 235 ரூபாய் வீட்டு மேல விழும்.

இதை எதிர்க்கும்போது நேர்மையாவும் பேசணும். மின் வாரியம் நல்லா ஓடுதுன்னு சொல்லிட்டுப் போனா மக்கள் சிரிப்பாங்க. ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல கடன் இருக்கு. புது இணைப்புக்கு அலைச்சல், புகார் சொன்னா வர்ற தாமதம், ஆள் பற்றாக்குறை, கம்பத்துல ஏறி உயிரை விடுற ஒப்பந்தத் தொழிலாளர்கள், எல்லாமே நிஜம். "போட்டி வந்தாலாவது ஒழுங்காகுமா"ன்னு ஒருத்தர் கேட்டா, அந்தக் கோபம் நியாயமானது. அவரைத் திட்டாதீங்க. அவர்கிட்ட சொல்லுங்க: கோளாறு கம்பியிலயும் நிர்வாகத்துலயும் இருக்கு, பில் போடுறவரோட பேர்ல இல்லை. பேரை மாத்தினா கம்பி சரியாகாது. காலிப் பணியிடத்தை நிரப்புறது, வெளியில இருந்து விலை கொடுத்து வாங்குறதைக் குறைக்கிறது, தாமதத்துக்கு விதிப்படி இழப்பீடு கொடுக்க வைக்கிறது, இதுக்குத்தான் போராடணும்.

இன்னொரு விஷயம். இன்னைக்கே ஒரு வீட்டுக்காரர் "சப்ளையர்" மாத்தணும்னா அவர் கூரை மேலேயே ஒருத்தர் இருக்கார், சூரியன். ஒரு கிலோவாட் சோலார் ரெண்டு மாசத்துக்குச் சுமார் 240 யூனிட் கொடுக்கும். 2024-ல அறிவிச்ச திட்டத்துல ஒரு கிலோவாட்டுக்கு 30,000, ரெண்டுக்கு 60,000, மூணும் அதுக்கு மேலயும் 78,000 ரூபாய் மானியம். 800, 900 யூனிட் ஓட்டுற சொந்த வீட்டுக்கு நல்ல கணக்கு. 200 யூனிட் வீட்டுக்கு அவசரமே இல்லை, 235 ரூபாயை மிச்சம் பிடிக்க யாரும் கடன் வாங்க வேண்டாம். கூரையே இல்லாத வாடகைக்காரருக்கு இதுவும் எட்டாது. அதனாலதான் பொது மின்சாரம் மலிவா இருக்கணும்னு கேட்கிறோம்.

7. நாம செய்ய வேண்டியது

பேசினது போதும், வேலைக்கு வருவோம்.

ஒண்ணு. இந்த மாசத்துக்குள்ள உங்க பூத்துல ஐந்து வீட்டுக்குப் போங்க. கொடி, துண்டறிக்கை எதுவும் வேண்டாம். அவங்க இபி கார்டை வாங்கி, கடைசி யூனிட் எந்த ஸ்லாப்ல விழுதுன்னு கணக்கு போட்டுக் காட்டுங்க. 500 கோட்டுக்குப் பக்கத்துல இருக்கிற வீடுன்னா முதல் வேலை அங்கேதான்.

ரெண்டு. ஒரே மீட்டர்ல பல குடும்பம் இருக்கிற வாடகை வீடுகளைக் குறிச்சு, தனி இணைப்புக்கு விண்ணப்பிக்க உதவி பண்ணுங்க. ஃபாரம் நிரப்பத் தெரியாத பெரியவங்களுக்கு நீங்களே உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்க.

மூணு. "போர்ட் பண்ணலாம்"னு பேசுறவங்ககிட்ட மூணே கேள்வி கேளுங்க. கம்பி யாரோடது, அதுக்கு வாடகை யார் கட்டுவா? கம்பெனி மூடிட்டுப் போனா நஷ்டம் யார் தலையில? 200 யூனிட் ஓட்டுற வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 235 ரூபாய்ங்கிறது அப்பவும் இருக்குமா? மூணுக்கும் எழுத்துல பதில் வந்தா நாமளும் உட்கார்ந்து பேசலாம்.

நாலு. கணக்கு தெரியாம எதையும் ஃபார்வர்டு பண்ணாதீங்க. ஒரு சரியான நம்பர் நூறு மீமுக்குச் சமம்.

அந்த 235 ரூபாய்க்குப் பின்னாடி எத்தனையோ வருஷத்துப் போராட்டம் இருக்கு, துப்பாக்கிச் சூட்டுல செத்த விவசாயிகள் இருக்காங்க. அதைப் "போர்ட்"ங்கிற ஒரே வார்த்தையில தூக்கிக் கொடுக்க முடியாது. கொடுக்கவும் மாட்டோம்.

கேள்வி இருந்தா கமெண்ட்ல கேளுங்க. யூனிட் எண்ணிக்கையை மட்டும் போட்டா போதும், கணக்கு போட்டுத் தர்றோம். இணைப்பு எண், பேர், முகவரி எதையும் கமெண்ட்ல போடாதீங்க.



#மின்கட்டணம்_அறிவோம் #நம்ம_மின்சாரம்_நம்ம_உரிமை